குண்டுமணித் தங்கமல்ல கைத்துப்பாக்கி

நல்ல கைத்துப்பாக்கி தங்கம் மாதிரி, வாங்கிய விலைக்குக் கீழே இறங்காது என்பது லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வட்டாரத்தில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. தொழிலாளர் சம்பளத்தைப் பையில் சுமந்துவந்த காலத்தில் ரிவால்வர் வாங்கிய திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைப் பட்டறை முதலாளி இதைச் சொல்வார். ஓய்வுக்குப் பின் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வீடு கட்டிக் குடியேறிய முன்னாள் படைவீரரும் சொல்வார். தாத்தாவின் பிஸ்டலைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பேரனும் அதையேதான் சொல்வார். விற்கப் போகும் அன்றுதான் மூவருக்கும் விஷயம் விளங்கும். ஒருவருடைய துப்பாக்கிக்கு லட்சங்களில் விலை பேசுவார்கள். இன்னொருவருடையதைக் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆள் வராது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படித் திருப்பிக் கொடுத்தால் வைத்திருப்பவர்கள் என்ன விளக்கம் சொல்கிறார்கள்? எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைப்பதே நியாயம். துப்பாக்கி என்பது உயர்தர எஃகில் நுட்பமாகக் கடைந்த பொருள். ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்தால் 100 ஆண்டும் உழைக்கும். ஆகவே தரமானது விலை இழக்காது. வெளிநாட்டு மேக் என்றால் பேச்சே இல்லை, இறக்குமதி நின்றுபோன பொருள் நாளுக்கு நாள் அரிதாகும். ஏதாவது ஒரு மாடல் விலை போகவில்லை என்றால் ஒன்று அது மட்டமான தயாரிப்பு, இல்லையேல் கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். புதுத் துப்பாக்கிக்கு வரி ஏற ஏறப் பழசின் மதிப்பும் ஏறும். எனவே அவசரப்படாமல் வைத்திருந்தால் லாபம்.

கேட்பதற்குக் கோவையாகத்தான் இருக்கிறது. இதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் வேறு ஏதாவது ஒரு பொருளுக்குப் பொருந்தும். இந்தியாவில் உரிமத்தோடு வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தாது. அதன் மறுவிற்பனை விலை எஃகில் இல்லை. எந்தத் தோட்டா கடையில் கிடைக்கிறது, சட்டத்தின் அட்டவணை எந்த போரை (குழல் துளையின் அளவை) விட்டுவைத்திருக்கிறது, வாங்கக்கூடியவர் கையிலுள்ள லைசென்ஸில் இடம் காலியாக இருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்து அந்த விலையைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் துப்பாக்கிக்கு வெளியே இருப்பவை.

ஒன்று: தரமானது விலை இழக்காது என்றால், பேபி பிரௌனிங் ஏன் தேங்குகிறது?

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1931 முதல் தயாரித்த இந்தப் பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கும். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இந்தியாவில் அதற்குள்ள ஒரே குற்றம் அது .25 போர் என்பதுதான். ஜான் பிரௌனிங் 1905-இல் வடிவமைத்த அந்தச் சின்னத் தோட்டா இங்கே சாதாரண ஆயுதக் கடையில் சரக்காக இருப்பதில்லை. கோல்ட், வெப்ளி அண்டு ஸ்காட் ஆகிய பெரிய பெயர்கள் தாங்கிய .25 பிஸ்டல்களுக்கும் அதே கதிதான்.

அதன் பக்கத்தில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரை வைத்துப் பாருங்கள். பிரிட்டனின் வெப்ளி மார்க் 4 வடிவத்தைப் பின்பற்றிச் செய்தது. ட்ரிகர் கனம், மெருகு சுமார் என்று வைத்திருப்பவர்களே குறைப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் அதன் தோட்டாவை அரசுத் தொழிற்சாலையே தயாரிக்கிறது, எந்த ஊர் ஆயுதக் கடையிலும் கிடைக்கிறது. அதனால் நாலு பேர் விசாரிக்கிறார்கள். பெல்ஜியத்தின் நுட்பம் தோற்று கான்பூரின் சுமாரான மெருகு ஜெயிக்கிறது என்றால், தரம்தான் விலை என்ற வாதம் முதல் அடியிலேயே சாய்ந்துவிடுகிறது.

திருமுடிவாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய சிஎன்சி இயந்திரம் வாங்கப் போகிறவர் படுகையையும் ஸ்பிண்டிலையும் பார்ப்பதற்கு முன் அதன் கன்ட்ரோலர் எது, அதற்கு இன்னும் சர்வீஸ் உண்டா என்றுதான் கேட்பார். தயாரிப்பாளர் கைவிட்ட கன்ட்ரோலர் என்றால் வார்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் எடைக்குத்தான் போகும். தன் தொழிலில் இவ்வளவு தெளிவாக இருப்பவர் பீரோவிலுள்ள பிஸ்டல் என்று வந்ததும் எஃகைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

.32 என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிவால்வரின் .32 ஸ்மித் அண்டு வெசன் லாங் வேறு, பிஸ்டலின் .32 ஏ.சி.பி. வேறு. முன்னது 1896-இலும் பின்னது 1899-இலும் பிறந்தவை. நீளம் வேறு, அழுத்தம் வேறு. நல்லவேளையாக இரண்டும் இங்கே தயாராகின்றன. அதனால்தான் இஷாப்பூரின் அஷானி பிஸ்டலும் கான்பூர் ரிவால்வரும் ஒரே சந்தையில் தாக்குப்பிடிக்கின்றன.

இரண்டு: எந்த போர் நல்ல போர் என்று முடிவு செய்தது யார்?

சுடுபவர்கள் அல்ல. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் குறிப்பிட்ட சில தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய ஆயுதங்களைத் தடைசெய்யப்பட்ட வகை என்று அது வரையறுக்கிறது. .380, .455 விளிம்புத் தோட்டாக்கள், ராணுவ 9 எம்.எம்., .45 ஆகியவற்றைச் சுடும் ரிவால்வர்களும் பிஸ்டல்களும் இந்தப் பட்டியலில் வருகின்றன. உலகில் மிக அதிகமாக விற்கும் கைத்துப்பாக்கித் தோட்டா 9 எம்.எம். பாராபெல்லம். அதையே சாதாரணக் குடிமகன் இங்கே வாங்க முடியாது. மிஞ்சிய இடத்தில் அரியணை ஏறியதுதான் .32. வெப்ளி மார்க் 4 பிறந்தபோது .38 ரிவால்வர். கான்பூரில் அது .32 ஆகச் சுருங்கியதற்குக் காரணம் குண்டு பாயும் கணக்கல்ல, இந்த அட்டவணை. ரைஃபிளிலும் இதே கதைதான்: .303-க்குத் தடை என்பதால் இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கு .315 ரைஃபிள் செய்தது.

கனடாவைப் பாருங்கள். ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர் ஒருவரிடம் .32 ரிவால்வரின் பெருமையைச் சொன்னால் அவர் திகைப்பார். அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் .25, .32 ஆகிய இரண்டு போர்களையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ குழல் நீளமுள்ள கைத்துப்பாக்கிக்கும் தடை. 1995-இல் நிறைவேறி 1998-இல் நடைமுறைக்கு வந்த துப்பாக்கிச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு இது. கான்பூரில் ராஜாவாக இருக்கும் தோட்டா டொராண்டோவில் தீண்டத்தகாதது. 2022 அக்டோபர் 21 முதல் அங்கே தனிநபர் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் ஒட்டுமொத்தமாக முடக்கப்பட்டன. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எஃகு ஒரே எஃகுதான்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் துல்லியமான பாடம். டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதல் சட்டம் பெரிய போர் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்து .22-ஐ மட்டும் விட்டுவைத்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டிலேயே இரண்டாவது சட்டம் வந்து .22-ஐயும் வாரிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சில மாதங்களில் ஒரே மேசையில் கிடந்த இரண்டு பிஸ்டல்களில் ஒன்றுக்குச் சந்தை இருந்தது, இன்னொன்றுக்கு அரசு கொடுத்த இழப்பீடு மட்டுமே இருந்தது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

சட்டம் மட்டுமல்ல, ஒரு பெரிய நிறுவனம் மனம் மாறினாலும் போதும். அமெரிக்காவில் 1986 மயாமி துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இறந்தார்கள். பழி 9 எம்.எம். தோட்டாவின் மேல் விழுந்தது. அந்தத் தேடலில் 1990-இல் .40 ஸ்மித் அண்டு வெசன் பிறந்தது. போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. 2014-இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 9 எம்.எம்.மே போதும் என்று எழுதியது. துறைகள் .40 பிஸ்டல்களைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ள, பழைய போலீஸ் கிளாக் பிஸ்டல்கள் சந்தையில் குவிந்தன, விலை சரிந்தது. .40 தோட்டாவின் பலம் 2013-இல் இருந்ததைவிட 2016-இல் ஒரு துளியும் குறையவில்லை.

மூன்று: வெளிநாட்டு மேக் எல்லாம் தங்கமா?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. 1980-களின் நடுவில் தனிநபர் இறக்குமதி நின்றுபோனது. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. அதற்கு முன் வந்திறங்கிய .32 வால்தர், ஸ்மித் அண்டு வெசன், வெப்ளி ஆகியவற்றுக்கு இன்றும் லட்சங்களில் விலை. ஆனால் "வெளிநாட்டு .32" என்பதில் விலை ஒட்டியிருப்பது இரண்டாவது பாதியில். முதல் பாதி மட்டும் போதுமென்றால் .25 பிஸ்டல்கள் அத்தனையும் கோடீஸ்வரச் சரக்காக இருந்திருக்கும், அவையும் வெளிநாட்டுச் சரக்குதானே!

அரிதாக இருப்பதும் கிராக்கியாக இருப்பதும் ஒன்றென்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அரிதான தபால்தலையை வாங்கி ஆல்பத்தில் ஒட்டிவைக்கச் சேகரிப்பாளர் இருக்கிறார். துப்பாக்கிக்கு அப்படி ஒரு சேகரிப்பாளர் கூட்டம் இந்தியாவில் உருவாகவே முடியாது. 2019 ஆயுதத் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மசோதா முதலில் ஒன்றே ஒன்று என்றுதான் வந்தது, எதிர்ப்புக்குப் பிறகே இரண்டு ஆனது. 2019 டிசம்பர் 14-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம். பரம்பரையாக வந்தது என்றாலும் இரண்டு என்ற வரம்பு மாறாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு லைசென்ஸில் இரண்டே இடம். ஒன்றில் பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழலோ ரைஃபிளோ உட்கார்ந்துவிடும். மீதி ஒரே இடம். அந்த ஒரே இடத்தை, தோட்டா கிடைக்காத ஒரு .25 பிஸ்டலுக்கு, அது 1935-இல் செய்தது என்ற அழகுக்காக யார் தூக்கிக் கொடுப்பார்? வாங்குபவரிடம் பணம் இல்லாதது இங்கே பிரச்சினையே அல்ல. இடம்தான் இல்லை. மூன்றாவதைக் கழிக்க வேண்டிவந்தவரும் .32-ஐ வைத்துக்கொண்டு வேண்டாத போரைத்தான் வெளியே தள்ளுவார். இடம் சுருங்கச் சுருங்கப் பிடித்த போர் ஏறும், பிடிக்காதது இறங்கும். ஒரே சட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

நான்கு: "ஸ்பேர் இல்லையென்றால் என்ன, நம் லேத்தில் கடைந்துகொள்ளலாம்."

தொழிற்பேட்டையில் பிறந்த இந்த வாதத்துக்குத் தனியே பதில் சொல்ல வேண்டும். இதிலிருக்கும் தன்னம்பிக்கை பொய்யல்ல என்பதுதான் காரணம். கார் கம்பெனிகளுக்கு மைக்ரான் கணக்கில் பாகம் செய்துகொடுக்கும் பட்டறைகள் திருமுடிவாக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. தேய்ந்துபோன ஃபயரிங் பின்னோ ஒடிந்த எக்ஸ்ட்ராக்டரோ அங்கே ஒரு டர்னருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை.

முடிந்துவிடும், செய்யக்கூடாது. ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி, அதைச் செய்யும் இயந்திரமும் சேர்த்தி. ஐந்தாம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தையோ தோட்டாவையோ தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தெரிந்தவர் கேட்டார் என்று ஒரு பின் கடைந்து கொடுத்த பட்டறைக்காரர் எந்த இடத்தில் போய் நிற்பார் என்பதை இந்த வாதத்தைப் பேசுபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே நூறடி தூரத்தில் கைத்திறன் இருந்தும் அனாதையான மாடல் அனாதையாகவே இருக்கும். தோட்டாவுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் வழக்கொழிந்த போர்கள் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே ஆர்வலர்கள் காலி உறைகளில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே உரிமம் இல்லாமல் அதே காரியம் குற்றம். .25 பிஸ்டலை .32-ஆக மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், மாற்றியமைத்தல் என்பதும் ஐந்தாம் பிரிவில் இருக்கும் சொல்தான்.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்தால் நிலைமை மாறும் என்பவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த அந்தத் திட்டத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் முனையங்கள். பட்டறைகளுக்கு ஆர்டர் வரலாம், வரட்டும். ஆனால் அங்கே தயாராகப்போவது படைகளுக்கான சரக்கு. பாட்டனாரின் பிஸ்டலுக்கு ஸ்பிரிங் செய்ய யாரும் வழித்தடம் போடவில்லை.

ஐந்து: கடைக்காரர் சதியா?

சதி என்றால் தேர்ந்தெடுத்துச் செய்ய முடியாது. அதே கடைக்காரர் அதே வாரத்தில் வரும் .32 வால்தருக்கு லட்சங்களைக் கொடுக்கிறார். எல்லோரையும் அமுக்குபவர் அதை மட்டும் ஏன் அமுக்காமல் விடுகிறார்? அவர் வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் இருப்புப் பதிவேட்டில் ஏறும், அதிகாரிகள் வந்து சரிபார்ப்பார்கள். விற்காத பிஸ்டல் அவருக்கு வருடக் கணக்கில் முடங்கிய முதல். மட்டமாக விலை கேட்கிறார் என்பது உண்மைதான். கேட்காமலே திருப்பி அனுப்புவது அதைவிட உண்மை.

கடையைத் தவிர்த்து நேரே விற்கலாமே என்றால், வழி உண்டு. உரிமம் பெற்ற ஒருவர் உரிமம் பெற்ற இன்னொருவருக்கு விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். வாங்குபவர் பெயரும் முகவரியும் முதலிலேயே கொடுத்தாக வேண்டும். அதாவது வாங்குபவரைக் கண்டுபிடித்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். தமிழ்நாட்டில் அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. 2016 இறுதி நிலவரப்படி நாடு முழுவதும் நடப்பிலிருந்த ஆயுத உரிமங்கள் 33.69 லட்சம், அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. இதில் வயல்காப்புத் துப்பாக்கியும் காவலாளிகளின் 12 போரும் அடக்கம். இவற்றைக் கழித்து, கைத்துப்பாக்கிக்கு அனுமதி உள்ளவர்களை எடுத்து, அதில் இடம் காலியாக உள்ளவர்களைப் பொறுக்கி, அவர்களிலும் .25 வேண்டுமென்பவரைத் தேடினால் மிஞ்சுவது சந்தை அல்ல, ஒன்றிரண்டு மனிதர்கள்.

இந்த எண்ணிக்கை குறைவாக இருப்பது தமிழ்நாட்டுக்கு நட்டம் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு ஆள் சாகும் வழக்கம் இங்கே இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். வட மாநிலங்களின் அந்தக் கொண்டாட்டத்தை நிறுத்த 2019 திருத்தம் இரண்டாண்டுச் சிறையோ ஒரு லட்சம் அபராதமோ இரண்டுமோ என்று தனிப்பிரிவே வைக்க வேண்டியிருந்தது. ஆள் குறைந்த சந்தையில் அரைகுறைப் போர் விலைபோகாது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

ஆட்கள் இன்னும் குறையத்தான் போகிறார்கள். சனிக்கிழமை சம்பளப் பணம் என்பது ரிவால்வர் கேட்டு மனுப் போட்ட தொழிலதிபர்களுக்கு வலுவான காரணமாக இருந்தது. 2017-இல் ஊதியம் வழங்கல் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமலே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட வழி பிறந்தது. பையில் பணம் இல்லாதவர் எதைக் காட்டி லைசென்ஸ் கேட்பார்?

ஆறு: வரி ஏறினால் பழசு ஏறுமா?

ரிவால்வர், பிஸ்டல்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. புதுசு விலை ஏறினால் பழசை நாடுவார்கள் என்பது சரியான கணக்குதான், புதுசும் பழசும் ஒன்றுக்கொன்று மாற்றாக இருந்தால். புதிய .32-க்கு மாற்று பழைய .32. அதற்கு இந்த வரி கொஞ்சம் கை கொடுக்கும். .25-க்குப் புதுசே இல்லாதபோது எதனுடைய விலையேற்றம் அதைத் தூக்கும்?

.32-க்குள்ளேயும் எல்லா மாடலுக்கும் அந்தக் கை கிடைக்காது. 2014-இல் பெண்களுக்கென்று கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் 500 கிராம் எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். சாதாரண ரிவால்வர் வாங்கப் போகிறவர் அதைவிட அதிகம் கொடுத்து இலேசான ஒன்றை இரண்டாம் கையாக வாங்க வேண்டுமென்றால் தனிக் காரணம் வேண்டும். 2020-இல் வெப்ளி அண்டு ஸ்காட் உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் கூட்டுத் தயாரிப்பாக .32 ரிவால்வர் தொடங்கியது. "வெப்ளி" என்ற பெயருக்காகவே பழசுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு அன்றே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அரசு நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். பிரபல் என்ற புதிய .32-ஐ வெளியிட்டது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், 50 மீட்டர் வரை சுடும் என்பது விளம்பரம். நடுவில் மடிந்து திறக்கும் பழைய வகையை வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி அல்ல.

ஏழு: வைத்திருந்தால் லாபமா?

தங்கத்தோடு ஒப்பிட்டவர்கள் அவர்கள்தான், அந்த ஒப்பீட்டிலேயே கணக்கை முடிக்கலாம். நகையை ராத்திரியோடு ராத்திரியாக அடகு வைக்கலாம். லைசென்ஸ் இல்லாத அடகுக்கடைக்காரர் துப்பாக்கியைக் கையில் வாங்கி வைத்தாலே கைது செய்யலாம். நகைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு மனு இல்லை, போலீஸ் விசாரணை இல்லை. தேர்தல் தேதி அறிவித்ததும் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ கொண்டுபோய் ஒப்படைக்கும் வழக்கமும் இல்லை.

முக்கியமான வேறுபாடு உரிமையாளர் இறந்த பிறகு தெரியும். தாலிக்கொடி மகளுக்குப் போகும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் செத்தவரோடு செத்துவிடும். வீட்டிலிருப்பவர்கள் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாரிசு யாராவது லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், இல்லையேல் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் அரசுக்குப் பறிமுதல். .32 என்றால் அந்தக் காலத்துக்குள் ஆள் கிடைத்துவிடும். யாரும் கேட்காத போர் என்றால், தங்கம் என்று நாற்பது வருடம் துடைத்து வைத்தது குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராமல் போகும். கணவர் போன துக்கத்தில் இருக்கும் பெண்மணி, தனக்குப் பிடிபடாத ஒரு இயந்திரத்துக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடக்கிறார். இந்தத் தவறான நம்பிக்கைக்கு உண்மையில் விலை கொடுப்பவர் அவர்தான்.

இதைத் தவிர்க்க வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதிப்படி, உரிமையாளருக்கு 70 வயதானாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தகுதியுள்ள வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லை என்றால் அன்றே விற்கவோ ஒப்படைக்கவோ தொடங்கலாம். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள் இந்த விதியைப் படிப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு .32 வைத்திருப்பவர் மீசையை முறுக்கிக்கொள்வார், நம் சரக்கு தப்பித்தது என்று. அவருக்கு இத்தாலியைக் காட்டலாம். ராணுவத் தோட்டா என்று 9x19-ஐக் குடிமக்களுக்கு அந்நாடு பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தது. உறையை இரண்டு மில்லிமீட்டர் நீட்டி 9x21 என்று ஒரு தோட்டா புழக்கத்துக்கு வந்து, இத்தாலியக் கைத்துப்பாக்கிச் சந்தையையே ஆண்டது. 2021 இறுதியில் சட்டம் மாறியது, 2022 முதல் 9x19 கடைக்கு வந்தது. 9x21-ஐ விரும்பி வாங்கியவர்கள் எவ்வளவு பேர், வேறு வழியில்லாமல் வாங்கியவர்கள் எவ்வளவு பேர் என்று அதன் பிறகு இத்தாலியக் கடைக்காரர்களுக்குத் தெளிவாகிவிட்டது. கான்பூர் .32-இன் இன்றைய கிராக்கியும் டில்லியில் ஓர் அரசிதழ் அறிவிப்பு அச்சேறாமல் இருக்கும்வரைதான். 9 எம்.எம். தடையை நீக்கும் எண்ணம் அரசுக்கு இருப்பதாக எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் மூன்றை இரண்டாக்கும் எண்ணமும் 2019-க்கு முன் பெரும்பாலான உரிமையாளர்களின் கணக்கில் இருந்ததில்லை.